காமன் எரிந்தானா, எரியவில்லையா?

(லுணுகலைக் கலைவிழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மார்கழியிலும் தையிலும் ஊவா மலைச்சரிவுகளை நனைத்த வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. பசறையிலிருந்து பிபிலையை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் முள்முருக்கு சிவந்து நிற்கிறது. மாசி பிறந்துவிட்டது என்பதை அறிய நமக்கு நாட்காட்டி வேண்டா. தீயில் காய்ச்சிய தப்பின் ஒலி போதும்.

பதுளையிலும் கண்டியிலும் கொழும்பிலும் வாழும் நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு: “இந்த வசந்தத்தில் உங்கள் லுணுகலைப் பக்கத்தில் கண்டு களிக்க என்ன இருக்கிறது?” அவர்கள் மனத்திலே இருப்பது மண்டபமும், மின்விளக்கும், நுழைவுச் சீட்டும், முன்வரிசை நாற்காலியும். அவை எவையும் இங்கே இல்லை. ஆனால் வானமே கூரையாக, தேயிலை மலையே திரையாக, ஒரு தோட்டம் முழுவதும் நடிகர்களாகவும் முழுவதும் பார்வையாளர்களாகவும் அமரும் அரங்கு இங்கே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லவும், அந்த அரங்கின் மண்ணுக்கு உரியவர் யார் என்று கேட்கவுமே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில் கண்டு களிக்க வேண்டியவற்றைச் சொல்வோம்.

மாசி அமாவாசை கழிந்து வளர்பிறையின் மூன்றாம் நாளில் காமன் கம்பம் ஊன்றப்படும். ஊன்றும் இடத்திற்குக் காமன் பொட்டல் என்று பெயர். லயங்களுக்கு அருகே, கோயிலுக்கோ பிரட்டுக் களத்துக்கோ பக்கத்தில் இருக்கும் ஒரு துண்டு வெற்று நிலம் அது. அன்று முதல் பௌர்ணமி வரையில், இரவுதோறும் அந்தப் பொட்டலைச் சுற்றிப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் நாட்கணக்கும் முறையும் சற்று மாறும். ஆயினும் கதை ஒன்றுதான். சிவபெருமான் தவத்தில் அமர்ந்திருக்கிறார். தேவர்களின் துயர் தீர அத்தவத்தைக் கலைக்க வேண்டும். அந்த வேலை மன்மதன் தலையில் விழுகிறது. போகாதே என்று ரதி தடுக்கிறாள். கேளாமல் போகிறான். கரும்பு வில்லை வளைத்து மலர்க்கணை தொடுக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது. காமன் சாம்பலாகிறான்.

பௌர்ணமி இரவைத் தவற விடாதீர்கள். ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நடக்கும். தோட்டமே பெண் வீடாகவும் மாப்பிள்ளை வீடாகவும் பிரிந்து நிற்கும். ஒப்பனை கட்டிய ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். தாய்மார்கள் வாசலில் காணிக்கையோடு காத்திருப்பார்கள். பின்னர் தூதன் வருவான். நந்தி வரும். வீரபத்திரன் வருவான். ஒவ்வொருவர் வரவுக்கும் தப்பின் அடி மாறும். அடியைக் கேட்டே வருகிறவர் யாரென்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வீரபத்திரன் வரும் வேளையில் சிறுவர்கள் தாயின் சேலைத் தலைப்புக்குள் ஒளிவதைப் பார்த்தால், நாடகம் என்பதன் வலிமை என்ன என்பது விளங்கும். முடிவில் கம்பத்துக்குத் தீ வைக்கப்படும். ரதியின் புலம்பல் எழும். அந்தப் புலம்பலுக்காகவே போகலாம். வேடத்துக்காக அழத் தொடங்குகிறவர்கள் தம் வீட்டில் இறந்தவர்களை நினைத்து அழுது முடிப்பார்கள். அதன் பின் மூன்றாம் நாளில் காமன் உயிர் பெற்று எழுகிறான். கூத்து மரணத்தோடு முடிவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மீண்டும் வருவோம்.

மாசியோடு வசந்தம் தீர்ந்துவிடுவதில்லை. பங்குனியிலும் சித்திரையிலும் அதை அடுத்தும் மாரியம்மன் திருவிழாக்கள் வருகின்றன. கரகம் எடுப்பார்கள், காவடி ஆடுவார்கள், தேர் லயங்களைச் சுற்றி வரும். திருவிழாவை ஒட்டிச் சில தோட்டங்களில் பொன்னர் சங்கர் கூத்து நடைபெறும். கொங்கு நாட்டு அண்ணன்மார் இருவரின் கதை அது. அவர்கள் படுகளத்தில் வீழ்வதும், தங்கை அருக்காணி தங்காள் அங்கே வந்து அழுவதும் விடியும் வரை நிகழும். சில தோட்டங்களில் அருச்சுனன் தபசு நடைபெறும். பாசுபதம் வேண்டித் தவம் செய்யும் அருச்சுனன் உயர்ந்த தபசு மரத்தில் பாடியபடியே ஏறுவான். கீழே நிற்கும் கூட்டம் மூச்சடக்கி நிற்கும். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய இம்மூன்றும் மலையக மக்களின் மூன்று பெருங் கூத்துகள். மூன்றுக்கும் கட்டணம் இல்லை. மூன்றுக்கும் அழைப்பிதழ் இல்லை. தப்பொலிதான் அழைப்பு.

தோழர்களே! இக்கூத்து நமக்கு எப்படி வந்தது? அரசரும் புரவலரும் கொடுத்து வந்ததா? இல்லை. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட 19-ஆம் நூற்றாண்டில், தமிழ்நாட்டு வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலையேறினார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு முழுக் கணக்கில்லை. கைச்சுமையாக எதையும் கொண்டுவர முடியாதவர்கள் நெஞ்சிலே சுமந்து வந்தது பாட்டும் கதையும். கோப்பி இலைநோயால் அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியது. துரைமார் மாறினார்கள். கம்பம் ஊன்றும் வழக்கம் மாறவில்லை. அந்தப் பழைய நடைவழியை நினைவுகூர்ந்து, 2023-ஆம் ஆண்டு சூலை, ஆகஸ்ட் மாதங்களில் நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். இருநூறு ஆண்டு வரலாற்றை நாடு திரும்பிப் பார்த்தது.

பாட்டும் கூத்தும் நமக்குப் பொழுதுபோக்கு மட்டுமாக இருந்ததுமில்லை. தஞ்சையிலிருந்து வந்து தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய கோ. நடேசய்யர் துண்டுப் பிரசுரங்களோடு பாடல்களையும் எழுதினார். எழுத்தறியாத மக்களுக்கு அப்பாடல்களைக் கூட்டந்தோறும் பாடிக் காட்டியவர் அவர் துணைவியார் மீனாட்சியம்மாள். தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். மாத்தளை வடிவேலன் நம் பாரம்பரியக் கலைகளை ஆராய்ந்து எழுதினார். அந்தனி ஜீவா நாடகத்தாலும் ‘கொழுந்து’ இதழாலும் மலையகக் கலையை நகரத்தார் முன் நிறுத்தினார். இவர்கள் எல்லாரும் ஒரே உண்மையைக் கண்டவர்கள்: பேச உரிமையில்லாத மக்கள் பாடுவார்கள், கூட உரிமையில்லாத மக்கள் கூத்துக்குக் கூடுவார்கள்.

தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகைக்கு லாவணி பாடும் வழக்கம் உண்டு. மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் அங்கே வேரூன்றிய கலை அது. இரு தரப்பாகப் பிரிந்து பாட்டிலேயே வாதிடுவார்கள். காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. கேள்விக்கு மறுகேள்வி, பாட்டுக்கு எதிர்ப்பாட்டு என்று விடிய விடிய வழக்கு நடக்கும். நீதிமன்றப் படியேறிப் பிழைக்கும் நமக்கு இந்த வழக்கின் மீது தனி மோகம் உண்டு. அந்த முறையிலேயே இன்று ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கிறோம். மலையகக் கூத்து எரிந்ததா, எரியவில்லையா?

எரிந்த கட்சியின் வாதத்தை முதலில் கேளுங்கள். அதிலே நியாயம் இல்லாமலில்லை.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவர் மிகப் பலரை நாடற்றோர் ஆக்கியது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்த கைகளிலிருந்து 1949-ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குச் சீட்டைப் பறித்தது. 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்கள் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 மக்கள் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்பதென்றும் பங்கு பிரித்தார்கள். எஞ்சியோரையும் 1974-இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். சிலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். எண்ணிப் பாருங்கள்: கூத்து என்பது தனி ஒருவர் கலையன்று. பாட்டறிந்த வாத்தியார் ஒரு நாட்டுக்கும், தாளமறிந்த தப்புக்காரர் மறு நாட்டுக்கும் என்று பிரிக்கப்பட்டால், இரு நாட்டிலும் பாதிக் கூத்துதானே மிஞ்சும்?

இன்றைய நிலையையும் எரிந்த கட்சி காட்டுகிறது. இளைஞர்கள் கொழும்புக்குப் போகிறார்கள். கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுமுறை வாங்குவதே பெரும்பாடு. மாசி இரவுகளுக்கு யார் விடுமுறை கொடுப்பார்கள்? ரதியின் பாட்டை முழுமையாக அறிந்த வாத்தியார்கள் ஒருவர் பின் ஒருவராக மறைகிறார்கள். சீடர்கள் இல்லை. முன்பு பல இரவுகள் ஆடிய தோட்டம் ஓர் இரவோடு நிறுத்திக்கொள்கிறது. இதுதான் எரிந்த கட்சியின் சாட்சியம்.

எரியாத கட்சியின் வாதம் என்ன? அது நீண்டதன்று. பிரசாவுரிமை பறிபோன ஆண்டிலும் கம்பம் ஊன்றினார்கள். கப்பல் பிரித்த ஆண்டுகளிலும் ஊன்றினார்கள். 1986, 1988, 2003-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழியே பிரசாவுரிமை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. சட்டம் நம்மை இந்நாட்டார் என்று ஏற்கும் முன்பே, இந்த மண்ணில் கம்பம் ஊன்றி, இந்த மண் எமது என்று கூத்து சொல்லிவிட்டது. எரிந்த காமன் மூன்றாம் நாள் எழுகிறான் என்று ஆண்டுதோறும் குழந்தைகளுக்குக் காட்டிய மக்கள், தாமும் எழாமலிருப்பார்களா?

இரு தரப்பையும் கேட்ட பின் நாம் சொல்வது இதுதான்: தீயால் இக்கூத்து அழியவில்லை. ஆனால் கால் ஊன்ற நிலமில்லாவிட்டால் அழிந்துவிடும். கலையைக் காக்க வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகிறார்கள். பொட்டலைக் காக்க வேண்டுமென்று யாரும் முழங்குவதில்லை. பொட்டல் இல்லாமல் காமன் எங்கே நிற்பான்?

இந்தப் பொட்டலின் சட்ட நிலை என்ன? 1972, 1975-ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்தக் கைமாற்றத்தின் போதும், தலைமுறை தலைமுறையாக மக்கள் கூடிய வெளி அவர்களுடையது என்று எழுதி வைக்கப்படவில்லை. இன்று நிர்வாகம் இணங்கினால் கூத்து. நாளை அந்த இடத்தில் கொழுந்துக் கொட்டகை எழுந்தாலோ, கன்று நட்டாலோ, கேட்க நம் கையில் தாள் இல்லை.

தாள் இல்லாதவனுக்கு நியாயமே இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மயர் தோட்டத்து வழக்கை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தை அரசு கிராம விஸ்தரிப்புக்காக எடுத்துக்கொண்டு, தொழிலாளரை வெளியேறச் சொன்னது. லயத்தை விட்டு நீங்காதவர் மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடுத்தார்கள். மேன்முறையீடு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. அந்த மனிதரின் நோக்கம் உரிமையாளருக்குத் தொல்லை கொடுப்பதன்று, தாம் வாழ்ந்த வீட்டிலே தொடர்ந்து இருப்பதுதான். ஆகவே அது குற்றமாகாது என்று 1950-இல் முடிவு கூறப்பட்டது. வீட்டின் மீது மனிதனுக்குள்ள பற்றைக் குற்றமென்று கொள்ள முடியாது என்பதே அதன் சாரம். ஆனால் குற்றவாளி அல்லன் என்பது வேறு, உரிமையாளன் என்பது வேறு. முதலாவதை அன்று வென்றோம். இரண்டாவதை இன்னும் வெல்லவில்லை.

உள்ளூராட்சியின் கதையையும் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இருந்த நிலையில், சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தாராளமாகச் செலவிட வழியில்லாமலிருந்தது. தோட்டத்து மக்களும் வாக்களித்து உறுப்பினரை அனுப்பினார்கள். ஆனால் அவர்கள் லயத்து வாசலுக்குப் பாதை போட அந்த உறுப்பினர் கேட்டால் சட்டம் குறுக்கே நின்றது. 2018-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டுக் கதவு திறந்தது. திறந்த கதவு வழியே நாம் இன்னும் முழுமையாக நுழையவில்லை. லுணுகலைப் பிரதேச சபைக்கு நாம் கொண்டுபோக வேண்டிய கோரிக்கைகளில், பாதையோடும் தண்ணீரோடும் பொட்டலும் சேர வேண்டும்.

லயங்களை அகற்றித் தனி வீடுகள் கட்டும் திட்டங்கள் வந்திருக்கின்றன. வரவேற்கிறோம். 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாள் நம் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த துயரத்துக்குப் பின், பாதுகாப்பான நிலத்தில் வீடு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் வீட்டுத் திட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை பேர்ச்சஸ் என்று கோடு கிழிக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து கூட ஒரு வெளி எங்கே? தனித்தனிச் சதுரங்களில் குடும்பம் வாழலாம், ஊர் வாழாது. ஆகவே நாம் கேட்பது: ஒவ்வொரு புதிய குடியிருப்பிலும் கூத்துக்கும் திருவிழாவுக்குமாக ஒரு பொது வெளி அளக்கப்பட்டு, நில அளவை வரைபடத்தில் குறிக்கப்பட்டு, பொது உடைமையாகப் பதியப்பட வேண்டும். பழைய பொட்டல்களும் அவ்வாறே அளந்து குறிக்கப்பட வேண்டும்.

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. மரபுக் கலைகளைக் காக்கும் 2003-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையை இலங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்படி நம் நாட்டின் கயிற்றுப் பொம்மலாட்டம் 2018-லும், தும்பறை நெசவு 2021-லும் உலகப் பட்டியலில் இடம்பெற்றன. சிங்களச் சகோதரரின் அக்கலைகள் பெற்ற சிறப்பைக் கண்டு மகிழ்கிறோம். அதே மேடையில் தோட்டத்துக் கூத்தும் நிற்கத் தகுதியுடையது என்று, பொறாமையின்றியும் தயக்கமின்றியும் எடுத்துரைப்பது நம் வேலை.

பிறரைக் கேட்பதோடு நிற்போமா? நம் வாசலையும் பெருக்க வேண்டும். விடியலில் மக்களைப் பிரட்டுக்கு அழைத்த தப்பு எது? இரவில் கூத்தைத் தாங்கி நிற்கும் தப்பு எது? அதே தப்புத்தான். அந்தத் தப்பை அடிக்கும் கைகளை மட்டும் சிலர் சாதி சொல்லித் தள்ளி நிறுத்துகிறார்கள். தாளம் வேண்டும், தாளக்காரர் பந்திக்கு வேண்டாமா? தப்புக் கலைஞர் முதல் வரிசையில் அமர்ந்து மாலை பெறாத விழாவைக் கலைவிழா என்று நாம் அழைக்க மாட்டோம். அவருக்குக் கொடுப்பது கூலியாக இருக்கக் கூடாது. சன்மானமாக இருக்க வேண்டும், முன்னதாகப் பேசிய தொகையாகவும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ரதியின் வேடத்தை ஆண்களே கட்டி வந்தார்கள். அந்த மரபைக் காத்த கலைஞர்களை வணங்குகிறோம். ஆனால் பகலெல்லாம் கொழுந்து பறித்து, இரவிலே அந்தப் புலம்பலுக்குக் கண்ணீர் விடுபவர்கள் பெண்கள். ரதியின் பாட்டைக் கற்கப் பள்ளிச் சிறுமி ஒருத்தி முன்வந்தால் அவளைத் தடுக்க யாருக்கு உரிமை? சீடர் இல்லை என்று வருந்தும் வாத்தியார்கள் பாதி ஊரை ஏன் மறந்தார்கள்?

எனவே இந்த வசந்தத்தில் உங்களிடம் கேட்பவை சில. நகரத்து நண்பர்களே, வாருங்கள். ஒரு மணி நேரம் நின்று படம் பிடித்துப் போகாமல், கம்பம் எரியும் வரை இருங்கள். கைப்பேசி வெளிச்சத்தை ஆடுவோர் முகத்தில் அடிக்காதீர்கள். ஊவா மலையின் இரவுப் பனி கொடிது, போர்வை கொண்டு வாருங்கள். கொழும்பில் இருக்கும் இளைஞர்களே, ஒரு பௌர்ணமிக்காவது ஊர் திரும்புங்கள். பௌர்ணமி இந்நாட்டில் போயா விடுமுறை நாள் என்பது உங்களுக்குத் துணை. ஆசிரியர்களே, முதிய வாத்தியாரின் சம்மதத்தோடு அவர் பாட்டை முழுமையாக எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வையுங்கள். ஒரு பிரதி பள்ளியில் இருக்கட்டும், ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்கட்டும். தோட்டத் தலைவர்களே, கட்சியையும் சங்கத்தையும் பொட்டலின் எல்லைக்கு வெளியே நிறுத்துங்கள். கம்பத்தில் கட்சிக் கொடி கட்ட வேண்டாம்.

எல்லாருக்குமாக ஒரு வேலை. இந்த மாசியில் கூத்து முடிந்த மறுநாள், உங்கள் தோட்டத்துப் பொட்டலை அளவுநாடா கொண்டு அளந்து, நான்கு எல்லைகளையும் எழுதி, மூத்தவர்களிடம் அது எத்தனை காலமாக வழக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு வாக்குமூலமாகப் பதிந்து, கையெழுத்திட்டுக் கொடுங்கள். பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அவற்றைக் கொண்டுபோய், நம் சார்பில் வாதிடச் சட்டம் அறிந்தவர்கள் ஊதியமின்றி வர அணியமாக இருக்கிறோம்.

காமன் எரிந்தானா, எரியவில்லையா என்ற வழக்கில் தஞ்சையில் இன்னும் தீர்ப்பு இல்லை. நம் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். கூத்தைக் கண்டு மகிழுங்கள். அது நிற்கும் மண்ணைக் கேட்டு வாங்குங்கள்.